அடுப்பில்லாத 48 நாள்: சமைக்காத உணவில் நிலைத்து நிற்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமைக்காத உணவுக்கு மாறுகிறேன் என்று தொடங்குகிறவர்களில் பலர் ஒரு வாரம்கூடத் தாண்டுவதில்லை. கேட்டால் "வாயைக் கட்ட முடியலை" என்பார்கள். நானும் முதல் முறை பதினொன்றாம் நாள் விழுந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கப்புறம் மூன்று தடவை முழு மண்டலம், அதாவது 48 நாள், அடுப்பில் ஏறாத உணவோடு இருந்திருக்கிறேன். மற்ற நாட்களில் காலையும் இரவும் சமைக்காதது. மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன்.

இத்தனை நாளில் எனக்கு நன்றாகப் புரிந்தது ஒன்றுதான். நாக்கு இழுக்கிறது என்று நாம் நினைக்கும்போது பெரும்பாலும் இழுப்பது பசி. வயிறு நிறைந்திருந்தால் பஜ்ஜி வாசனை வெறும் வாசனையாகக் கடந்து போகும். காலி வயிற்றோடு அந்தக் கடையைத் தாண்டுவதுதான் கஷ்டம். ஆகவே மன உறுதியைப் பற்றி இங்கே கொஞ்சமாகவும் வயிற்றை நிரப்புவதைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

முதலில், யார் இதில் இறங்கக் கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று உணவை மாற்றினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். மருத்துவரிடம் பேசி மருந்தளவைச் சரிசெய்யாமல் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாக முடியும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு மனதளவில் போராடியவர்களுக்கு, அதாவது பட்டினி கிடப்பதும் பிறகு அளவில்லாமல் சாப்பிடுவதுமாக அவதிப்பட்டவர்களுக்கு, இப்படிக் கட்டுப்பாடான எந்த உணவுமுறையும் பழைய புண்ணைக் கிளறும். அவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது.

சமைத்த உணவு எதிரி என்று தொடங்காதீர்கள்

இயற்கை உணவு பேசுகிற சிலர் சமைத்த சோற்றை விஷம் என்கிறார்கள். அது உண்மை இல்லை. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினையும் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீனையும் வேகவைத்தால்தான் உடல் நன்றாக எடுத்துக்கொள்கிறது. மொச்சை, ராஜ்மா மாதிரியானவற்றை வேகவைக்காமல் சாப்பிடவே முடியாது. பின்னே ஏன் சமைக்காத உணவு? பழமும் காயும் கடலையும் தேங்காயும் தட்டில் கூடுகின்றன; எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் தானாகக் குறைகின்றன; மென்று, நிதானமாகச் சாப்பிடப் பழகுகிறோம். எனக்கு இது போதுமான காரணமாக இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. விஷம் என்று நம்பித் தொடங்கியவர் ஒரு வடை சாப்பிட்டுவிட்டால் குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் கைவிடுகிறார். வடையை வடையாகப் பார்ப்பவர் அடுத்த வேளைக்கு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரம்

காபியைக் குறையுங்கள். தினம் மூன்று தம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலை விண்ணென்று தெறிக்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீளும். இதைத்தான் பலர் "நச்சு வெளியேறுகிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக்கு மேல் அது காபி விட்ட தலைவலி. நாலு நாளைக்கு ஒரு தம்ளர் வீதம் குறைத்து வந்தால் தலைவலி வந்தாலும் லேசாகத்தான் வரும்.

இந்த இரண்டு வாரமும் காலைச் சாப்பாட்டை மட்டும் சமைக்காததாக மாற்றுங்கள். மதியமும் இரவும் வழக்கம்போல இருக்கட்டும். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், வாயு பிரியும். குடல் பழக அவகாசம் கொடுத்தால் அந்த அவதி குறையும்.

கூடவே ஒரு முடிவு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "இனிமேல் வாழ்நாள் முழுக்க" என்று தொடங்கினால் மனசு முதல் நாளே மலைத்துப்போகும். ஒரு மண்டலம் என்பது நமக்குப் பழகிய அளவு. சித்த மருந்துக்கும் விரதத்துக்கும் அதுதானே கணக்கு.

வயிற்றுக் கணக்கு

காந்தியின் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இருந்தபோது சமைக்காத உணவை முயன்றார். இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் விட்டார். 1929இல் ஆசிரமத்தில் இன்னும் சிலரோடு சேர்ந்து மறுபடி தொடங்கினார். அப்போது அவர் எழுதி வைத்த தினசரி அளவு: முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த கீரை 8 தோலா, ஆறு எலுமிச்சம்பழம், தேன் 2 அவுன்ஸ். ஒரு தோலா 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. என் கணக்கில் இதெல்லாம் சேர்ந்தே ஆயிரம் கலோரியைச் சுற்றித்தான் வருகிறது. பின்னர் உடல் நலிந்து அந்த முறையும் நிறுத்திவிட்டார். நாவடக்கத்தில் அவரை மிஞ்ச யாரும் இல்லை. அவருக்கே அந்த அளவு போதவில்லை என்றால், ஒரு தட்டு வெள்ளரிக்காயையும் ஒரு ஆப்பிளையும் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போகிற நாம் சாயங்காலம் விழுவதில் ஆச்சரியம் என்ன?

பச்சைக் காய்களில் தண்ணீர்தான் அதிகம். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். தாங்குகிற பொருட்கள் வேறு: தேங்காய், நிலக்கடலை, வாழைப்பழம், அவல், பேரீச்சை, முளைப்பயறு. தென்காசிப் பக்கம் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய மூ. ராமகிருஷ்ணன் தேங்காயையும் பழத்தையும் முன்னால் வைத்துப் பேசியதற்குப் பின்னால் இந்த நடைமுறை அறிவு இருக்கிறது. நம் ஊரில் மலிவாக, ஆண்டு முழுக்கக் கிடைப்பதும் அவைதான்.

நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவருக்கு நான் சொல்கிற ஒரு நாள் அளவு இது. காலையில் மூன்று நான்கு வாழைப்பழம், அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி ஊறவைத்த நிலக்கடலை. மதியம் 100 கிராம் அவல், 50 கிராம் பாசிப்பயறை முளைகட்டியது, மீதி அரை மூடித் தேங்காய், வெள்ளரி, கேரட், வெங்காயம். நாலு மணிக்கு ஆறு பேரீச்சை, இன்னொரு கைப்பிடி கடலை, ஒரு கொய்யா. இரவு பப்பாளியோ மாதுளையோ கிடைத்த பழம், கூடவே இரண்டு மூன்று வாழைப்பழம். இது இரண்டாயிரம் கலோரியைத் தொடும். உடலுழைப்பு அதிகம் என்றால் கடலையையும் தேங்காயையும் கூட்டுங்கள்.

ஒரு நேர்மையான குறிப்பு: அவல் முழுக்கப் பச்சை இல்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் வருகிறது. கறாராக இருக்க நினைப்பவர்கள் அதை விடலாம். புதியவர்கள் விட வேண்டாம் என்பதே என் எண்ணம். சோறு தின்று வளர்ந்த வயிறு மதியத்தில் அரிசியைத் தேடும். அவல் அந்த ஏக்கத்தைத் தணித்துவிடும்.

வாழைப்பழம் வாங்குவதில் ஒரு சின்ன யோசனை. ஒரே நாளில் பழுக்கிற தாரை வாங்காதீர்கள். ஒரு சீப்பு பழுத்தது, ஒரு சீப்பு செங்காய் என்று வாங்கினால் நாலு நாளைக்குத் தட்டுப்பாடில்லாமல் வரும். வீட்டில் சாப்பிடத் தயாராக எதுவும் இல்லாத இரவில்தான் பலர் கட்டுப்பாட்டை விடுகிறார்கள்.

தாளிப்பு இல்லாமல் ருசி

எனக்குச் சோறுகூடப் பெரிதாக நினைவில் வரவில்லை. கடுகு வெடிக்கிற வாசனைதான் வந்தது. எண்ணெயில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் பொரிகிற அந்த மணத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் சேர்ந்தால் நாக்கு பெருமளவு சமாதானமாகிவிடும்.

நான் செய்வது இது. சிவப்பு அவலை இரண்டு தடவை அலசி, நீரை வடித்து, மூடி வைத்துவிடுவேன். கெட்டி அவல் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இருபது நிமிடம். விரலால் நசுக்கினால் நடுவில் கடிபடக் கூடாது, அதுதான் பதம். அதற்குள் அம்மியில் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், இரண்டு பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, பத்துப் பதினைந்து கறிவேப்பிலை, கல்லுப்பு வைத்துக் கரகரப்பாகத் தட்டுவேன். மிக்ஸி என்றால் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று போதும். கறிவேப்பிலை நசுங்கும்போது வருகிற மணம் தாளிப்பின் பாதியையாவது கொண்டுவந்துவிடும். அதை அவலோடு பிசிறி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கொத்தமல்லி, மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவல், மற்ற நாளில் எலுமிச்சைச் சாறு சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். உடனே சாப்பிட்டால் காரம் தனியாக, அவல் தனியாக நிற்கும்.

நம் கோயில் பிரசாதங்களையும் கவனியுங்கள். ராமநவமி வடைப்பருப்பு ஊறவைத்த பாசிப்பருப்புதான். தாளிக்காமல் வெள்ளரி, தேங்காய், மாங்காய் சேர்த்தாலே அருமையாக இருக்கும். மாரியம்மன் கோயில் துள்ளுமாவு, ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்தது. முருகனுக்குத் தேனும் தினைமாவும். இனிப்பு கேட்கிற நாளில் இவை கைகொடுக்கும். வெல்லம் காய்ச்சி எடுத்ததுதான் என்றாலும் நான் அதில் கறாராக இல்லை.

பச்சையாகச் சாப்பிடும்போது ஏமாறக் கூடாத இடங்கள்

சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி மூன்றையும் அரைப்பதற்கு முன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவில் உண்டு. அதை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே கசக்கும் சாற்றைக் குடிக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உருவாகும். பச்சையாக வேண்டவே வேண்டாம். ராஜ்மாவையும் மொச்சையையும் முளைகட்டினாலும் பச்சையாகத் தொடாதீர்கள். தோல் பச்சை நிறமாகிவிட்ட உருளைக்கிழங்கு வேகவைத்தாலும் வேண்டாம்.

முளைப்பயறில் அலட்சியம் கூடாது. விதை முளைக்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ. கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடையில் பொட்டலத்தில் விற்பதை வாங்காமல் வீட்டிலேயே கட்டுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி, காலையும் மாலையும் அலசி, சின்ன முனை எட்டிப் பார்த்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் கீழே போடுங்கள். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ சாப்பிட்டால் அவர்களுக்கு ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

கீரையும் முட்டைக்கோஸும் இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணோடு ஒட்டிய புழு முட்டைகள் அப்போதுதான் போகும். குடிதண்ணீரை மட்டும் வழக்கம்போலக் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். எலுமிச்சை குடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள். அடிக்கடி புளிப்பு பட்டால் பல் தேயும்.

இழுக்கிற நேரங்கள்

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எப்போது ஆசை வந்தது, அதற்கு முன் எப்போது சாப்பிட்டீர்கள். எனக்கு வந்த விடை மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. என் பதினொன்றாம் நாள் அந்த நேரத்தில்தான் நடந்தது. அன்று வேலை நெருக்கடி. காலையில் இரண்டு வாழைப்பழம், மதியம் ஒன்றுமில்லை. ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கடைக்காரர் வாழைக்காயைச் சீவி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். மாவு எண்ணெயில் விழுந்ததும் எழுகிற அந்தச் சத்தம், ஓரமெல்லாம் நுரைத்து மஞ்சளாவது, ஜல்லிக்கரண்டியில் வாரி எண்ணெய் வடிய விடுவது... நின்று பார்த்துவிட்டேன். நாலு பஜ்ஜி. அத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. "போச்சு, இனி எதுக்கு" என்று இரவு பரோட்டாவும் சாப்பிட்டேன். மறுநாள் எழுந்து தொடரவும் இல்லை.

அடுத்த முறை நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். நாலு மணிச் சாப்பாட்டை எதற்காகவும் தவறவிடவில்லை. பையில் எப்போதும் ஒரு டப்பாவில் பேரீச்சையும் கடலையும் இருக்கும். அதே கடை, அதே எண்ணெய்ச் சட்டி, அதே மணி. தாண்டிப் போக முடிந்தது. உங்களுக்கு அந்த நேரம் இரவு பத்து மணியாக இருக்கலாம், காலைக் காபி வேளையாக இருக்கலாம். அதற்கு அரை மணி முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்.

அப்படியும் ஆசை வந்தால் இருபது நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரும் இரண்டு பேரீச்சையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்தாலே பாதி இறங்கிவிடும்.

வீடு, விருந்து

கடையைத் தாண்டிவிடலாம், அம்மாவைத் தாண்டுவது சிரமம். "ஒரு கை ரசஞ்சாதம் சாப்பிட்டா என்னடா ஆயிடும்?" என்று கேட்பதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குப் பதிலாக நார்ச்சத்து, கலோரி என்று பாடம் எடுத்தால் அவர் சமையலையே குறை சொல்வதாக ஆகிவிடும். நான் சொன்னது: "அம்மா, ஒரு மண்டலம் இருக்கேன்மா. இந்தத் தேதியில முடியுது. அன்னைக்கு உன் கையால ரசஞ்சாதம்தான்." விரதம் இருப்பவரை வற்புறுத்துவது நம் வீடுகளில் வழக்கமில்லை. முடிவு தேதி இருப்பதால் அவர்களுக்கும் நிம்மதி. மூன்றாம் நாளிலிருந்து அம்மாவே தேங்காய் துருவி வைக்க ஆரம்பித்தார். ஏதாவது ஒரு வேலையை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலகி நிற்கிற உணர்வு இரு பக்கமும் போய்விடும்.

வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நீங்களும் உங்கள் தட்டோடு அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். அறைக்குள் தனியாகச் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டோடு பேச்சும் பறிபோகிறது. அந்த இழப்புதான் பலரை முடித்துவைக்கிறது.

கல்யாணத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே போங்கள். பந்தியில் உட்கார மறுத்தால் அழைத்தவர் மனம் நோகும். உட்காருங்கள், பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இலையில் வாழைப்பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வைக்கவிட்டு வீணாக்குவது கூடாது. திரும்பும்போது தாம்பூலப் பையில் தேங்காய் இருக்கும், மறுநாள் காலைக்கு ஆயிற்று.

தவறிவிட்டால்

ஒரு வேளை தவறியது ஒரு வேளைதான். அதை ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி மறுபடி அதே கடைக்குத்தான் கொண்டுபோய் விடும். நோட்டில் நேரத்தையும் முன் சாப்பிட்டதையும் எழுதிவிட்டு அடுத்த வேளையை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே சாப்பிடுங்கள். நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம். 48இல் 45 நாள் இருந்தவர் 45 நாள் இருந்தவரே.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஆசை வேறு, உடல் தருகிற எச்சரிக்கை வேறு. எழுந்தால் தலை சுற்றுவது, எடை வாரா வாரம் இறங்கிக்கொண்டே போவது, குளிர் தாங்காமல் போவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, இவையெல்லாம் நிறுத்தச் சொல்கிற அறிகுறிகள். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலமாகச் சமைக்காத உணவு உண்டவர்களை ஆராய்ந்தபோது, 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ நின்றோ இருந்தது. இப்படி வந்தால் மன உறுதியைக் காட்டாதீர்கள்; சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாலும் தயிரும்கூட விட்டவர்கள் ஒரு மண்டலத்தைத் தாண்டித் தொடர்வதாக இருந்தால் வைட்டமின் பி12 மாத்திரை அவசியம். செடி கொடியிலிருந்து அது கிடைக்காது.

நாற்பத்தொன்பதாம் நாள்

மண்டலம் முடிந்த அன்றே பிரியாணிக்குப் போகாதீர்கள். எண்ணெயும் மசாலாவும் பழக்கம் விட்ட வயிற்றில் இறங்கினால் இரண்டு நாள் படுத்தும். முதல் நாள் ஒரு வேளை மட்டும் குழைவான ரசஞ்சாதமோ இட்லியோ. மற்ற இரண்டு வேளை பழையபடி. மூன்று நான்கு நாளில் மெல்ல மற்றவற்றைச் சேருங்கள். காலைச் சாப்பாட்டை அப்படியே சமைக்காததாக விட்டுவிட்டால் அதற்கு எந்த முயற்சியும் தேவைப்படாது. எனக்கு முதல் மண்டலம் முடிந்த நாளில் அம்மா சொன்னபடி ரசம் வைத்திருந்தார். தாளிக்கும்போது என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கடுகு வெடித்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, இரவுக்கு வேண்டுமே என்று கடலையை ஊறப்போட்டேன்.